மகாராணியின் நாக்கும் ஜிங்க் தொட்டியும்

கொடைக்கானலில் மகாராணியின் நாக்குக்கு இரண்டு விதமான புகழ் இருந்தது. ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, அதில் போட்ட மிளகாய் வத்தலக்குண்டில் வாங்கியதா ஒட்டன்சத்திரத்தில் வாங்கியதா என்று சொல்லிவிடும். வாங்கி வந்தவன் நடுவில் கமிஷன் அடித்திருந்தால், அவனுடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் வரிசையாக நிறுத்தி வைத்துத் திட்டுவதும் அதே நாக்குதான்.

நாச்சிமுத்துவின் லாட்ஜில் அவள் பன்னிரண்டு வருடமாகத் தலைமைச் சமையல்காரி. லாட்ஜின் பெயர் ‘வேலி வியூ’, பள்ளத்தாக்குக் காட்சி என்று அர்த்தம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து லாட்ஜின் தண்ணீர் டேங்க்தான் தெரியும். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், மகாராணியின் வத்தக்குழம்புக்காக. அவளுடைய அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர். மகளுக்கு மகாராணி என்று பெயர் வைத்ததோடு அவருடைய சொத்துப் பங்கீடு முடிந்துவிட்டது. மிச்சத்தை எல்லாம் அவள் நாக்கால் சம்பாதித்தாள்.

அந்த நாக்கு போன ஐப்பசி மழையில் செத்துப்போனது.

ஒரு வாரக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கிய பிறகு முதலில் இனிப்பு போனது. பால் ஊற்றாத பிளேன்டிக்குச் சீனி மிச்சம் என்று விட்டுவிட்டாள். அப்புறம் புளிப்பு போனது. கார்த்திகை தீபத்துக்குள் உப்பும் கிளம்பிவிட, சாம்பாரும் சுடுதண்ணீரும் நாக்குக்கு ஒன்றாகிவிட்டன. காரம் மட்டும் எரிந்தது. எரிவது ருசியில் சேராது, அது வெறும் அடி. பூம்பாறை வேலப்பருக்கும் சலேத் மாதாவுக்கும் ஒரே வாரத்தில் மனுப் போட்டாள். இரண்டு அலுவலகத்திலிருந்தும் பதில் இல்லை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் தெரிந்த விஷயத்தை வீட்டில் புருஷனிடம் கூடச் சொல்லவில்லை. ருசி தெரியாத சமையல்காரி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், மூஞ்சிக்கல் முதல் ஏரிக்கரை வரைக்கும் அவளிடம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் வெடி வைத்துக் கொண்டாடுவார்கள்.

அதனால் ஒரு தந்திரம் செய்தாள். குழம்பு கொதித்ததும் ஒரு கரண்டி எடுத்து, அருகில் நிற்கிற ஆளிடம் நீட்டுவாள்.

“இந்தா, உப்பு பாரு. ஒனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கான்னு பாக்குறேன்.”

மாட்டியவர் பரீட்சை எழுதும் பயத்தோடு நக்கிப் பார்த்து, “கொஞ்சம் பத்தலையோ?” என்பார்.

“பரவால்ல, பொழச்சுக்குவ” என்று சொல்லி உப்பைப் போடுவாள். அந்த மாதிரி பாஸ் பண்ணியது முக்கால்வாசி நேரம் பாண்டியம்மாள்தான். மகாராணிக்கு அடுத்த இடத்துச் சமையல்காரி. நாலைந்து வயது இளையவள். சொந்த ஊர் கிளாவரை. அங்கே அவளுடைய தம்பி பூண்டும் உருளையும் போடுகிறான். பாண்டியம்மாள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் உள்ளதைச் சொல்வாள். அது அடுப்படியில் அவ்வளவு உசிதமான குணம் இல்லை.

இப்படியே ஏழு மாதம் ஓடியது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்பதுதான் மகாராணிக்கு உள்ளுக்குள் பெரிய அவமானம். கொடைக்கானல் குளிரில், பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்து இறங்குகிறவனுக்குச் சூடாக எதை ஊற்றினாலும் அமிர்தம்தான் போலிருக்கிறது. நாச்சிமுத்து வேறு தினமும் இலையை வழித்து நக்கிவிட்டு, “ராணி, ஒன் கைக்கு வைர வளையல் போடணும்” என்பார். பன்னிரண்டு வருடமாகச் சொல்கிறார். கண்ணாடி வளையல்கூட வந்ததில்லை.

மே மாதம் சீசன் உச்சத்தில் இருந்தபோது நாச்சிமுத்து லாட்ஜ் உரிமையாளர் சங்கத்துக்கு ஐந்தாவது தடவையாகத் தலைவரானார். போட்டியின்றித் தேர்வு. எதிர்த்து நின்றால் மேடையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜ் மாடியிலேயே பாராட்டு விழா. இருநூறு பேருக்கு மட்டன் பிரியாணி. அதற்கு முன்னால் வரவேற்பு பானம்.

“பன்னீர் சோடா எல்லாம் பழசு” என்றார் நாச்சிமுத்து. “நம்ம மலை ஐட்டமா இருக்கணும். பேஷன் ஃப்ரூட் ஜூஸ் போட்ரு.”

பழத்தைப் பாண்டியம்மாள் ஏற்பாடு செய்தாள். கிளாவரையில் தம்பியின் வேலி முழுக்கப் பேஷன் ஃப்ரூட் கொடிதான். சனிக்கிழமை காலை பஸ்ஸிலேயே நாலு மூட்டை வந்து இறங்கிவிட்டது. பழம் வந்துவிட்டது, பாத்திரம்தான் இல்லை. இருந்த அண்டாக்களை எல்லாம் பிரியாணியும் தாளிச்சாவும் பாயசமும் பிடித்துக்கொண்டன.

மகாராணியின் புருஷன் அருள்தாஸ் கூரை போடுகிறவர். ஜிங்க் ஷீட்டை வெட்டி, மடித்து, பற்ற வைத்து, தண்ணீர்த் தொட்டியும் செய்வார். மன்னவனூர்க்காரர் ஒருவர் கேரட் கழுவுவதற்கென்று சொல்லி ஒரு பெரிய தொட்டி செய்யச் சொன்னார். செய்து முடித்ததும் ஆளைக் காணோம். அது வீட்டு வாசலில் பளபளவென்று நின்றது. உள்பக்கம் முழுவதும் வெள்ளைப் பூப்பூவாக மின்னும்.

“அதைக் கொண்டாங்க” என்றாள் மகாராணி போனில்.

தொட்டி வந்து இறங்கியதும் பாண்டியம்மாள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். “யக்கா, கேரட்டு கழுவுறதுக்குச் செஞ்சதுலயா ஜூஸு?”

“புதுசுடி. இன்னும் கேரட்டே அதைப் பாக்கல. நல்லாக் கழுவியாச்சு. வெரசாப் பழத்த அறு.”

சாயங்காலத்துக்குள் அத்தனை பழத்தையும் அறுத்து, உள்ளே இருந்த சதையைச் சுரண்டி, சீனியும் தண்ணீரும் சேர்த்துத் தொட்டி நிறையக் கலக்கினார்கள். ஊறினால்தான் மணம் இறங்கும் என்று ஈரத்துணி போட்டு மூடி வைத்தார்கள். கொடைக்கானலில் ஃபிரிட்ஜ் எதற்கு, ஊரே ஃபிரிட்ஜ்தானே.

மறுநாள் வெள்ளனே வந்து துணியை எடுத்ததும் மகாராணி வழக்கம்போல ஒரு தம்ளரை நீட்டினாள். “இந்தா, ருசி பாரு.”

பாண்டியம்மாள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

“யக்கா, இது சரியில்ல. பழைய பூட்ட நக்குன மாதிரி கெடக்கு. தொண்டைய இழுக்குது.”

மகாராணியும் ஒரு வாய் குடித்தாள். அவளுக்கு அது ஐஸ்தண்ணீர். நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தாள். இன்னும் ஐஸ்தண்ணீர்தான். எதிரில் பாண்டியம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் வெங்காயம் வதங்குகிறது, மாடியில் மைக் செட்காரன் ‘ஹலோ ஹலோ’ என்று கத்துகிறான், இன்னும் இரண்டு மணி நேரத்தில் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு அதுதான் நேரமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

“பேஷன் ஃப்ரூட்டுக்கு அப்பிடித்தான் ஒரு துவர்ப்பு இருக்கும். வெள்ளைக்காரன் கொண்டாந்த பழம்டி இது, ஆயக்குடிக் கொய்யான்னு நெனச்சியா? போ, இன்னும் ரெண்டு கிலோ சீனியக் கொட்டு.”

“எங்க வேலியில காச்ச பழம், யக்கா. எனக்குத் தெரியாதா?”

“என் நாக்குக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?”

பாண்டியம்மாள் சீனியைக் கொட்டினாள்.

பத்தரை மணிக்கு விருந்தாளிகளுக்கு ஜூஸ் போனது. வந்தவர்களில் நூற்றைம்பது பேராவது குடித்திருப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் காப்பி வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். ‘ஒரு மாதிரி இரும்பு வாடை’ என்று சிலருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் விலை உயர்ந்த பழம் என்று சொல்லிக் கொடுத்ததால், தன் நாக்குக்குத்தான் நாகரிகம் பத்தவில்லை என்று நினைத்து ஒவ்வொருவரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். நாச்சிமுத்து மூன்று தம்ளர்.

பதினொரு மணிக்கு அவர் மைக்கைப் பிடித்தார். கழுத்தில் இருபத்தேழு சால்வைகள். கன்னத்துக்குக் கீழே மனுஷனையே காணோம்.

“இந்தச் சங்கத்துக்காக நான் எத்தனையோ கசப்புகளை விழுங்கியிருக்கிறேன்” என்றார். “ஆனால் ஒருநாளும், ஒருநாளும், அதை நான் வெளியே…”

வெளியே வந்துவிட்டது. இருபத்தேழு சால்வைகளும் இல்லாவிட்டால் முதல் வரிசைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் அதைப் பார்த்த மாத்திரத்தில் செயலாளர் மேஜைக்கு அடியில் குனிந்தார். பொருளாளர் பூச்செண்டைப் பயன்படுத்திக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் மாடியின் கைப்பிடிச் சுவர் முழுக்க லாட்ஜ் உரிமையாளர்கள் வரிசையாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். முதல் தடவையாக ‘வேலி வியூ’வில் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்தார்கள். கீழே போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் குடையை விரித்தது.

ஜீப்பிலும் டாக்ஸியிலும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டியூட்டியில் இருந்தவர் டாக்டர் சௌம்யா. பழனிக்காரர். திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அலட்டிக்கொள்ளவில்லை. ஜூஸ் குடித்தவர், குடிக்காதவர் என்று ஆட்களைப் பிரித்தார். காப்பி குடித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். பிரியாணியை இன்னும் ஒருத்தரும் தொடவே இல்லை.

“அரை மணி நேரத்துல இத்தனை பேருக்கு வாந்தின்னா இது கிருமி வேலை இல்லை, அதுக்கு இவ்வளவு வேகம் கிடையாது” என்றார். கூடவே வந்திருந்த மகாராணியின் பக்கம் திரும்பினார். “ஜூஸை எந்தப் பாத்திரத்துல வச்சிருந்தீங்கம்மா?”

“எவர்சில்வர் அண்டாலங்க, டாக்டரம்மா.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கேரட் கழுவும் தொட்டியில் ஜூஸ் போட்ட சமையல்காரி என்று ஊர் சொல்லுமே என்ற கூச்சம், அவ்வளவுதான். தொட்டியில் தப்பு இருக்கும் என்று அப்போது அவள் நினைக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பாண்டியம்மாள் மட்டும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

அண்டாவில் குற்றம் இல்லையென்றால் பழத்தில்தான் என்று ஆயிற்று. படுக்கையில் கிடந்தபடியே நாச்சிமுத்து கண்டுபிடித்துவிட்டார். “பூண்டுக்கு அடிச்ச மருந்த பழத்துலயும் அடிச்சிருக்கானுக. ஏலே, யாருடா அங்க? அந்தக் கிளாவரைக்காரி மேல கம்ப்ளெயின்ட் குடு!”

சாயங்காலத்துக்குள் எல்லோரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் தலைவர் என்ற மரியாதைக்காக இன்னொரு நாள் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மகாராணி முற்றத்தில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது அருள்தாஸ் லாட்ஜிலிருந்து எடுத்து வந்த தொட்டியைக் கழுவக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் திரும்ப நிமிர்த்தினார். உள்ளே தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏய் ராணி, இங்க வா.”

தொட்டியின் உள்சுவரில் ஜூஸ் நின்ற மட்டத்தில் கோடு போட்டது போல ஒரு தடம். கோட்டுக்கு மேலே பூப்பூவாகப் பளபளப்பு அப்படியே இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒரு பூவும் இல்லை. சாம்பல் தேய்த்தது போல மங்கிக் கிடந்தது.

“இது என்ன?”

“இரும்பு துருப்பிடிக்காம இருக்கத்தான் மேல துத்தநாகம் பூசியிருக்கான். அத உன் பழம் தின்னுருச்சு” என்றார் அருள்தாஸ். “நான் ஈயம் பத்த வைக்கிறப்ப ஆசிட்டுல ஜிங்க் துண்டப் போடுவேன்ல, நொரைச்சுக்கிட்டுக் கரையும்ல? அதே சோலியத்தான் விடிய விடிய உன் ஜூஸும் பாத்திருக்கு. அத்தனை பேரும் குடிச்சது என் கூரைய.”

மகாராணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

“இதே மாதிரித் தொட்டியில மழைத்தண்ணி பிடிச்சுக் குடிக்கிறாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“மழையில புளிப்பு ஏது? எனக்கு முந்தியே தோணியிருக்கணும், நீ தண்ணி வைக்கத்தான் கேக்குறன்னு நெனச்சேன்.” அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். “மண்ணப் போட்டுத் தேச்சா மேலயும் மங்கிரும். கோடு தெரியாது. நீ வாயத் தொறக்காம இரு.”

வாயைத் திறக்காமல் இரு என்று மகாராணியிடம் சொன்ன முதல் மனுஷர் அவர்தான். அவள் சண்டைக்குப் போகாமல் ‘சரி’ என்றாள். அதிலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குப் பாண்டியம்மாளிடமிருந்து போன் வந்தது. கிளாவரைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி போயிருக்கிறாராம். தம்பி வீட்டிலிருந்து மருந்து பாட்டில்களை எல்லாம் எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டு சீல் வைத்துவிட்டாராம். வேலியில் மிச்சமிருந்த பழத்தையும் பறித்துக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். பாண்டியம்மாளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“யக்கா, அந்தக் கொடிக்கு ஒரு நாளும் மருந்தடிச்சதில்ல. நான் சொன்னா எவன் நம்புறான்? நீ ஒரு வார்த்த சொல்லு. நீதான் ருசி பாத்தேல்ல. பழம் நல்ல பழம்னு ஒன் நாக்கு சொன்னா ஊரே நம்பும்.”

அண்டா என்று சொன்ன பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் மகாராணி பதிலுக்கு நாலு திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

போனை வைத்துவிட்டு அருள்தாஸ் பக்கம் திரும்பினாள். அவர் கையில் மண்ணோடு தயாராக நின்றார்.

“கையக் கழுவுங்க. தொட்டியத் தூக்குங்க, போகணும்” என்றாள். “பாண்டி, நீ ஸ்டேஷனுக்குப் போகாத, ஆஸ்பத்திரிக்கு வா” என்று மறுபடியும் போன் போட்டுச் சொன்னாள்.

தொட்டி ஆட்டோவில் ஏறவில்லை. அருள்தாஸ் அதைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். இடுப்புக்கு மேலே தொட்டி, கீழே இரண்டு கால்கள். முன்னால் மகாராணி வழி சொல்லிக்கொண்டே போனாள். பஜாரில் சாக்லேட் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மகாராணியிடம் யார் கேட்பது?

வார்டில் நாச்சிமுத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சௌம்யா ரவுண்ட்ஸில் இருந்தார். பாண்டியம்மாள் ஏற்கனவே வந்து கதவோரமாக நின்றாள். அருள்தாஸ் தொட்டியை இறக்கி நடுவில் வைத்ததும் வார்டே திரும்பியது.

“டாக்டரம்மா, நேத்து நான் பொய் சொல்லிட்டேன். அண்டா இல்ல, இதுதான்” என்றாள் மகாராணி. “ராத்திரி பூரா இதுலதான் கெடந்துச்சு. பழத்து மேல தப்பு இல்ல.”

டாக்டர் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று மகாராணி எதிர்பார்த்தாள். வந்தது என்னவோ கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளையின் சந்தோஷம்.

“துத்தநாகம்! நேத்தே இதைத்தான் நினைச்சேன். நீங்க அண்டான்னு சொன்னதும் விட்டுட்டேன். பயப்படாதீங்க, யாருக்கும் இனிமே ஒண்ணும் ஆகாது. வாந்தியிலயே போயிருக்கும். நாச்சிமுத்து சார், உங்களுக்கு விஷமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. கூரைத் தகரம் குடிச்சிருக்கீங்க.”

“தகரமா?” நாச்சிமுத்து இளநீரை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார்.

“உடம்புக்கு அது வேணும் சார். ஆனா ஒரு நாளைக்கு நாலஞ்சு கடுகு எடைதான் வேணும். இவங்க ஒரு தம்ளர்லயே ஒரு தாளிப்புக் கடுகு அளவு குடுத்திருப்பாங்க. நீங்க மூணு குடிச்சீங்க.” டாக்டர் மகாராணியிடம் திரும்பினார். இப்போது நெற்றி சுருங்கியது. “எனக்கு ஒண்ணுதான் புரியலைம்மா. இது வாயில வச்சாலே தெரியும். காசை நக்கின மாதிரி இருக்கும். நீங்க ருசி பாக்காமயா குடுத்தீங்க?”

‘மறந்துட்டேன்’ என்று சொல்லலாம். அதற்கு ஒருவரும் அவளைத் தூக்கில் போடப் போவதில்லை. அவள் பாண்டியம்மாளைப் பார்த்தாள். பாண்டியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன் என்பது போல.

“பாத்தேன். எனக்குத் தெரியல” என்றாள் மகாராணி. “ஏழு மாசமா எனக்கு எதுவுமே தெரியல. உப்பு, புளிப்பு, ஒரு எழவும் தெரியல. பாண்டி குடிச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொன்னா. நாந்தான் அவ வாய அடைச்சேன்.”

சொல்லி முடித்ததும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பேசியது நாச்சிமுத்து. “ஏழு மாசமாவா? அப்ப அந்த வத்தக்குழம்பெல்லாம்?”

“குத்துமதிப்பா வச்சது, மொதலாளி.”

“தேவாமிர்தம்னு சொல்லிக்கிட்டுக் கெடந்தேனே!”

“அதுல என் தப்பு என்ன இருக்கு?”

பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்த ஆள் சத்தமாகச் சிரித்துவிட்டார். நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்தது. தகரம் குடித்ததைவிட இதுதான் அவருக்குப் பெரிய அடி. ஊரெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாட்டு ருசியைப் பற்றிப் பாடம் எடுத்தவர் அவர்.

டாக்டர் மகாராணியைத் தனியே உட்கார வைத்து விசாரித்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது மகாராணிக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இருநூறு பேருக்கு ஆக்கிப்போடுகிறவள் தான் சாப்பிடுவது ஒரு நாளைக்கு எட்டு பிளேன்டி, அதில் முக்கி நாலு பிஸ்கட். ருசி போனதிலிருந்து சோற்றைக் கண்டாலே மண்ணைக் கண்ட மாதிரி இருந்தது. நெஞ்செரிச்சலுக்கு என்று கடையில் அவளாகவே வாங்கிய மாத்திரை ஒன்று வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது.

“நாக்குல ருசி அறியுற மொட்டு பத்து நாளைக்கு ஒரு தடவை புதுசா முளைக்கும். அதுக்கு இந்தத் துத்தநாகம் வேணும். உங்களுக்கு அது குறைஞ்சிருக்கலாம்னு தோணுது. ருசி போற எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா, காய்ச்சலே நரம்பைக் கெடுத்திருக்கலாம். ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பிப் பாத்துருவோம்.”

மகாராணி நாக்கை நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப எனக்கு இல்லாமப் போனதத்தான் ஊருக்கெல்லாம் தொட்டி நெறயாக் கலக்கிக் குடுத்திருக்கேன்?”

“அப்படியும் சொல்லலாம்.”

“நானும் ஒரு தம்ளர் முழுசாக் குடிச்சிருந்தா?”

“நீங்களும் வாந்திதான் எடுத்திருப்பீங்க. மாத்திரை தர்றேன், அதைச் சாப்பிடுங்க. தொட்டியை நக்காதீங்க.”

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து தாள் வந்தது. டாக்டர் நினைத்தது சரிதான்; இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மாத்திரை, முட்டை, கறி, கொண்டைக்கடலை, பூசணி விதை என்று ஒரு பட்டியல் கிடைத்தது. பிளேன்டி சாப்பாட்டோடு கூடாது. நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தியாயிற்று.

அதிகாரி பாண்டியம்மாளின் தம்பிக்கு மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். புதைத்த பழத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மகாராணிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், அருள்தாஸுக்கு ‘இதில் உணவுப் பொருள் வைக்கக் கூடாது’ என்று ஒவ்வொரு தொட்டியிலும் எழுதச் சொல்லி ஓர் உத்தரவும் வந்தன. அவர் அதைச் சிவப்புப் பெயின்ட்டில், எழுத்துப்பிழையோடு, வெகு அழகாக எழுதினார்.

நாச்சிமுத்து மகாராணியை வேலையை விட்டு நிறுத்தினார். அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அந்த இடத்துக்குப் பாண்டியம்மாளைக் கூப்பிட்டதும், பாண்டியம்மாள் யோசிக்காமல் சரி என்றதும். மகாராணி மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து கொண்டைக்கடலையை மென்றாள். வெளியே போனால், திட்டு வாங்கியவர்கள் எல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. ‘நாக்கு எப்பிடி இருக்குக்கா?’ என்று மிளகாய்க் கடைக்காரன் அத்தனை அன்பாகக் கேட்டான்.

நாலாவது வாரம் பாண்டியம்மாளே வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினாள்.

“எனக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேணும். வர்றியா?”

“மொதலாளி?”

“அடுப்படிக்கு நாந்தான் மொதலாளி.”

மகாராணி அவளையே பார்த்தாள். “நீ என்னையத் திட்டவே இல்லையேடி.”

“திட்டணும்னுதான் இருந்தேன். யக்கா, எங்க வேலியில எத்தன பழம்னு தெரியுமா? என் தம்பி மக புதைக்கிறதப் பாத்துட்டு அழுதுச்சு. அத நெனச்சா இப்பவும் ஒன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கல.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஆனா ஆஸ்பத்திரியில அத்தன பேரு முன்னாடி சொன்னேல்ல. அதுக்குத்தான் வெங்காயம். கரண்டி கெடையாது.”

மகாராணி போனாள். தான் பன்னிரண்டு வருடம் ஆண்ட அடுப்படியில் மூலையில் பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். உரிக்கும்போது கண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், வெளியே மூடுபனியும் மழையும். சாப்பாட்டு அறையில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு பஸ் கும்பல் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் மும்முரத்தில் கரண்டியை மூலைக்கு நீட்டினாள்.

“யக்கா, வத்தக்குழம்பு. சூடு போதுமான்னு மட்டும் பாரு.”

மகாராணி வாயில் வைத்தாள். வழக்கம்போலச் சூடு. வழக்கம்போலக் காரம். அதற்கு அடியில், நாக்கின் பின்பக்கம், எங்கோ தூரத்தில் பிடித்த ரேடியோ போல, கரகரவென்று ஒன்று கேட்டது.

அவள் கரண்டியை இன்னொரு தடவை நக்கினாள்.

“பாண்டி, வெந்தயத்தக் கருக்கிட்டியா?”

“இல்லியே.”

“கருகிருச்சுடி. கசக்குது.”

பாண்டியம்மாள் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “ஆமா, லேசா. ஒருத்தனுக்கும் தெரியாது, விடு…” என்றவள் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகாராணியின் முகத்தைப் பார்த்தாள். “யக்கா, என்ன சொன்ன? கசக்குதா?”

“கசக்குதுடி” என்றாள் மகாராணி. “சனியன், எட்டிக்காய் மாதிரி கசக்குது. எவடி ஒனக்குத் தாளிக்கச் சொல்லிக் குடுத்தா?”

“நீதான்.”

மகாராணி தட்டை எடுத்தாள். சோற்றை அள்ளிப் போட்டாள். கருகிய குழம்பை அதில் குளம் கட்டி ஊற்றினாள். பிசைந்து, ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை என்று உள்ளே தள்ளினாள். ஒன்பது பத்து மாதத்துப் பசி அது. மூக்கு ஒழுகியது. சாப்பாட்டு அறையில் யாரோ, “அக்கா, குழம்பு எங்கே?” என்று கத்தினார்கள்.

“இருங்கய்யா, வருது!” என்று பாண்டியம்மாள் பதிலுக்குக் கத்திவிட்டு, சட்டியைத் தூக்கப் போனாள்.

“எடுக்காத” என்றாள் மகாராணி வாய் நிறையச் சோற்றோடு. “இன்னொரு கரண்டி ஊத்து.”